ஆர்டர் இல்லாத நாட்களில் வேலையில் மனம் எப்படி ஒட்டும்?

கேள்வி (2025 கடைசியில் வந்தது): எனக்கு வயது 36. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் பதினோரு வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பையர், அதாவது வெளிநாட்டில் சரக்கு வாங்குபவரோடு விலை பேசி, ஆர்டரைக் கடைசி வரை பார்த்துக்கொள்ளும் வேலை. எங்கள் ஆர்டரில் முக்கால்வாசி அமெரிக்காவுக்குப் போவது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து பையர் ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறார். ரத்தும் செய்யவில்லை, உறுதியும் செய்யவில்லை. ஐந்து தையல் லைனில் இரண்டுதான் ஓடுகிறது. சம்பளத்தில் முப்பது விழுக்காடு பிடிக்கிறார்கள். வேலை இருக்குமா, போகுமா, தெரியவில்லை. வீட்டுக்கடன் வேறு. காலையில் கிளம்பவே மனசு வருவதில்லை. போனாலும் செல்போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சீக்கிரம் வீடு திரும்பினால் ஏழு வயது மகன் ஏன் என்று கேட்கிறான். இப்படிப்பட்ட நேரத்தில் ஊக்கத்தோடு இருப்பது எப்படி?

தம்பி,

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1993ல் பதினெட்டு வயதில் கைமடியாக, அதாவது டெய்லருக்குக் கையாளாக, பனியன் கம்பெனிக்குள் நுழைந்தவன். கட்டிங், செக்கிங், லைன் சூப்பர்வைசர் என்று ஏறி, 2016 வரை புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்தேன். நடுவில் தபால் வழியில் உளவியல் படித்தேன். இப்போது கம்பெனி கம்பெனியாகப் போய் டெய்லர்களோடும் ஸ்டாஃபோடும் உட்கார்ந்து பேசுவதுதான் என் பிழைப்பு. இந்த மூன்று மாதத்தில் உங்கள் கேள்வியைப் பல வாய்களில் கேட்டுவிட்டேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது 'ஊக்கம்' என்ற சொல் இல்லை. "ரத்தும் செய்யவில்லை, உறுதியும் செய்யவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். ரத்து செய்திருந்தால் இரண்டு நாள் தூக்கம் கெட்டிருக்கும். மூன்றாம் நாள் வேறு பையரைத் தேடிப் போயிருப்பீர்கள். உறுதி செய்திருந்தால் கன்சம்ப்ஷன், அதாவது ஓர் உடுப்புக்கு எவ்வளவு துணி என்ற கணக்கு, போட்டு நூலுக்கு ஆர்டர் கொடுத்திருப்பீர்கள். இரண்டுமில்லாமல் மதில்மேல் பூனையாக நிற்பதுதான் உங்களைத் தின்கிறது.

இது வெறும் என் ஊகம் இல்லை. 2016ல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஒரு சோதனை செய்தார்கள். 45 பேருக்குக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு. திரையில் பாறை ஒன்று வரும். அதன் அடியில் பாம்பு இருக்குமா, இருக்காதா என்று சொல்ல வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சுரீரென்று ஒரு ஷாக். எந்தப் பாறைக்கடியில் எத்தனை தடவை பாம்பு வரும் என்பதை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் உடம்பில் வியர்வை எப்படி ஏறுகிறது, கண்பாவை எப்படி விரிகிறது என்று அளந்தார்கள். ஷாக் கட்டாயம் உண்டு என்று தெரிந்த நேரத்தில் இருந்த பதற்றத்தைவிட, அடித்தாலும் அடிக்கும், அடிக்காமலும் போகும் என்று பாதிக்குப் பாதியாக இருந்த நேரத்தில்தான் பதற்றம் உச்சத்தில் இருந்தது. கெட்ட செய்தியைக்கூட உடம்பு தாங்கிக்கொள்கிறது. தெரியாததைத்தான் தாங்க மாட்டேன் என்கிறது.

நம் ஊருக்கு 2025ல் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். ஏப்ரல் 2 அன்று அமெரிக்காவில் இந்தியச் சரக்குக்கு 26 விழுக்காடு இறக்குமதி வரி என்றார்கள். ஒரே வாரத்தில் தொண்ணூறு நாள் நிறுத்திவைப்பு, அதுவரை 10 என்றார்கள். ஆகஸ்ட் 7ல் 25. ஆகஸ்ட் 27ல் 50. பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் ஏற்கெனவே இருந்த 16.5 விழுக்காடு இதில் சேராது. ஐந்து மாதத்தில் நாலு எண். ஒவ்வொரு எண்ணுக்கும் நீங்கள் காஸ்டிங் ஷீட்டை, அதாவது விலைக் கணக்கை, திருத்தியிருப்பீர்கள். திருத்திய ஷீட்டுக்கு பையரிடமிருந்து பதில் வந்திருக்காது. மூன்று தடவை இப்படி ஆனால் நான்காம் தடவை எவனுக்கும் கை ஓடாது. ஆக உங்களிடம் ஏதோ கோளாறு என்று மட்டும் நினைக்காதீர்கள். சோம்பேறிக்கு இப்படியெல்லாம் கேள்வி எழுதத் தோன்றாது.

இனி என் கதை.

2011 ஜனவரி 28. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். விவசாயிகள் பக்கம் நியாயம் இருந்தது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய தண்ணீரை நேரில் பார்த்தவர்கள் யாரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் நியாயம் எந்தப் பக்கம் இருந்தாலும் எங்கள் கட்டிங் டேபிளுக்குச் சாயமேறிய துணி வரவில்லை. நிட்டிங் முடிந்து சாயம் ஏறாத பச்சைத் துணி ரோல் ரோலாகக் குடோனில் அடுக்கிக் கிடக்கிறது. வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்கலாம் என்றால் கிலோவுக்கு ஆகும் செலவு கட்டுப்படியாகவில்லை, ஷேடும் ஒத்துவரவில்லை.

நான் அப்போது வேலை பார்த்த கம்பெனியில் எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார்கள். அடுத்த வாரம் வேலை இருக்கா? பார்க்கலாம். பாதிச் சம்பளம்தான் வந்திருக்கு, மீதி எப்போ? பார்க்கலாம். நான் எட்டரை மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கம்பெனியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எதிர்ப் பேக்கரிக்குப் போய்விடுவேன். அங்கே என்னைப் போல ஏழெட்டுப் பேர். இரண்டு பேப்பரை நாலு தடவை படிப்போம். "திங்கக்கிழமை திறந்துடறாங்களாமா" என்று ஒருத்தர் ஆரம்பிப்பார். "யாருங்க சொன்னது?" "சொன்னாங்க." திங்கட்கிழமை போய் வியாழன் வரும், வியாழன் போய் மறுபடி திங்கள் வரும். இலவு காத்த கிளி கதையில் பழம் என்று நினைத்தது கடைசியில் பஞ்சாக வெடிக்குமே. நாங்களும் பஞ்சு ஊர்க்காரர்கள்தானே!

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டுப் பணத்தை எடுத்துச் சம்பளம் என்று கொடுத்தேன். ஷேவிங் வாரத்துக்கு ஒரு தடவை ஆனது. அப்புறம் கையிலிருந்த வாட்ச் பேட்டரி தீர்ந்து நின்றுபோனது. மூன்று வாரம் மாற்றவில்லை. மாற்றத் தோன்றவேயில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் பத்து நிமிஷ வேலை அது.

அந்த வாட்சை நான் மறந்தே போயிருந்தேன். நாலைந்து வருஷம் கழித்து உளவியல் பாடத்தில் மரியன்தால் என்ற ஊரைப் பற்றிப் படித்தபோதுதான் ஞாபகம் வந்தது.

மரியன்தால், ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஊர் என்றால் மில், மில் என்றால் ஊர். நூற்பு, நெசவு எல்லாம் ஒரே வளாகத்தில். உலகப் பொருளாதார மந்தத்தில் அந்த மில்லை மூடிவிட்டார்கள். ஊரிலிருந்த 478 குடும்பங்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் ஒருவருக்குக்கூட வேலை இல்லை. 1931 கடைசியில் மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் என்று மூன்று பேர் ஒரு குழுவோடு அங்கே போனார்கள். வெறுமனே வேடிக்கை பார்க்கக் கூடாது, ஊருக்கு ஏதாவது ஒரு விதத்தில் பயன்பட்டுக்கொண்டே கவனிக்க வேண்டும் என்று தங்களுக்குள் விதி வைத்துக்கொண்டார்கள். துணி சேகரித்துக் கொடுத்தார்கள், டாக்டரைக் கூட்டிவந்தார்கள்.

வேலை இல்லாதவனுக்கு நேரம் நிறைய இருக்கும், படிப்பான், கூட்டத்துக்குப் போவான், போராடுவான் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. அந்த ஊர்த் தொழிலாளர் நூலகத்தில் புத்தகம் எடுக்கக் கட்டணம்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்படியும் இரண்டு வருஷத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்துபோனது. குழுவினர் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் மறைந்து நின்று, தெருவில் நடப்பவர்களைக் கவனித்தார்கள். ஆண்கள் மெல்ல நடந்தார்கள். நாலடி வைத்து நின்றார்கள், மறுபடி நாலடி. பெண்கள் விரசாக நடந்தார்கள். அவர்களிலும் பலர் மில் வேலையை இழந்தவர்கள்தான். ஆனால் அவர்களுக்குப் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு ஆகியாக வேண்டும், பிள்ளை பள்ளியிலிருந்து வந்துவிடும். ஆண்களுக்கு அப்படி எந்தக் கெடுவும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள்.

அந்த வரியைப் படித்தபோது நான் கையைத்தான் பார்த்தேன்.

அதே ஆய்வில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இதை ஊக்கப் பேச்சாளர்கள் சொல்லிக் கேட்டதில்லை. அந்தக் குடும்பங்களை மனநிலைப்படி நாலாகப் பிரித்தார்கள்: உடையாதவர்கள், விதியே என்று ஏற்றுக்கொண்டவர்கள், நொந்துபோனவர்கள், எல்லாம் போகட்டும் என்று விட்டுவிட்டவர்கள். பிரித்த பிறகு ஒவ்வொரு பிரிவுக்கும் தலைக்கு மாதம் எவ்வளவு வருமானம் என்று கணக்குப் பார்த்தார்கள். 34 ஷில்லிங், 30, 25, 19. உடையாதவனுக்கும் கைவிட்டவனுக்கும் நடுவே பதினைந்து ஷில்லிங். மனத்திடம் பாதி மனசிலும் பாதி சட்டைப்பையிலும் இருக்கிறது, தம்பி. "பாசிட்டிவா இருங்க" என்று ஸ்டேட்டஸ் வைப்பவர்களிடம் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான். பையைப் பற்றி அவர்கள் மூச்சே விடுவதில்லை.

அதனால் உங்களுக்கும் பணத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். இன்று ராத்திரி, மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு தாளில் எழுதுங்கள். தலையில் போட்ட கணக்கு கணக்கில் சேராது. மாதம் கட்டாயம் போயே தீர வேண்டிய தொகை எவ்வளவு: அரிசி பருப்பு, பால், கரண்ட், பள்ளிக்கட்டணம், மருந்து, கடன் தவணை. கையில் இருப்பது எவ்வளவு: வங்கி, சீட்டு, வீட்டில் இருக்கும் நகை. நாளைக்கே சம்பளம் நின்றால் எத்தனை மாதம் ஓடும்? நான் பார்த்த வரை, பயந்து பயந்து இந்தக் கணக்கைத் தள்ளிப்போட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வந்த விடை அவர்கள் பயந்த அளவுக்கு மோசமாக இல்லை. ஒரு சிலருக்கு அதைவிட மோசமாக இருந்தது. அவர்களுக்கும் அன்று ராத்திரி தூக்கம் வந்தது என்றுதான் சொன்னார்கள். நாலரை மாதம் என்று தெரிந்துவிட்டால் அது நாலரை மாதம். பாறைக்கடியில் பாம்பு இருக்கிறது, இன்ன நீளம் என்று தெரிந்துவிட்டது.

இதில் இரண்டு கணக்கை நானே போட்டுத் தருகிறேன்.

ஒன்று, கிராஜுவிட்டி. பதினோரு வருடமும் இதே கம்பெனி என்றால் அது உங்கள் உரிமை. நீங்களாக விலகினாலும் உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும் சேர்ந்த தொகையை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, வருடத்தால் பெருக்க வேண்டும். 24,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,52,307 வருகிறது. உங்கள் ஸ்லிப்பை எடுத்து அடிப்படைச் சம்பளம் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதைக் குறைத்துக் காட்டி மற்றதை அலவன்ஸில் போடும் வழக்கம் ஊரில் இருக்கிறது. முப்பது விழுக்காடு பிடித்தமும் எந்தத் தலைப்பில் போகிறது என்று பாருங்கள். அடிப்படையில் கை வைத்தால் கிராஜுவிட்டியும் குறையும். கேட்டு, எழுத்தில் வாங்கி வையுங்கள்.

இரண்டு, வீட்டுக்கடன். ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் மூன்று தடவையாக ஒரு விழுக்காடு குறைத்தது. 2019 அக்டோபருக்கு அப்புறம் வங்கியில் வாங்கிய மாறும் வட்டிக் கடன் என்றால் உங்களுக்கும் அது இறங்கியிருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலும் தவணைத் தொகையை அப்படியே விட்டுவிட்டு மாத எண்ணிக்கையைத்தான் குறைப்பார்கள். நல்ல காலத்தில் அது லாபம். இப்போது உங்களுக்குத் தேவை மாதாமாதம் கையில் நிற்கும் காசு. இருபது வருஷத்துக்கு 25 லட்சம் என்றால் 9 விழுக்காட்டில் தவணை 22,493. 8 விழுக்காட்டில் 20,911. மாதம் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் மிச்சம். நேரில் போய்த் தவணையைக் குறைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். முக்கியமாக, ஒரு தவணைகூடத் தவறுவதற்கு முன்பே போங்கள். தொண்ணூறு நாள் நிலுவை விழுந்தால் கணக்கை வாராக்கடன் பட்டியலில் போட்டுவிடுவார்கள். அப்புறம் மேனேஜர் நல்லவராக இருந்தாலும் அவர் கையில் ஒன்றும் இருக்காது.

சரி, பணத்தை விட்டுவிட்டு கம்பெனிக்குள் வருவோம்.

2011 மே மாதம் அந்தப் "பார்க்கலாம்" கம்பெனியை விட்டு, அதைவிடச் சின்ன ஓர் இடத்தில், சம்பளம் குறைவாக, சேர்ந்தேன். அங்கே டைம் ஆபீஸ் பக்கத்தில் ஒரு கரும்பலகை. சனிக்கிழமை சம்பளம் போடும் நேரத்துக்கு முதலாளியே வந்து சாக்பீஸால் அடுத்த வாரத்தை எழுதுவார். திங்கள் 1 ஷிஃப்ட், செவ்வாய் 1, புதன் லீவு, வியாழன் அரை, வெள்ளி தெரியாது, வியாழன் சொல்கிறேன். அவ்வளவுதான். ஒன்றரை ஷிஃப்ட்டும் இரண்டு ஷிஃப்ட்டும் ஓடிக்கொண்டிருந்த ஊரில் இது பிச்சைக்காசு மாதிரி. ஆனால் அந்தக் கம்பெனியிலிருந்து ஆட்கள் போகவில்லை. புதன் லீவு என்றால் அன்றைக்கு ஒரு பவர் டேபிள் டெய்லர் காதர்பேட்டையில் ஒரு கடைக்கு மூட்டை கட்டப் போவார், இன்னொருத்தி தோட்டத்து வேலைக்குப் போவாள். லீவு என்று முன்னாடியே தெரிந்தால் அந்த நாளை வைத்து ஏதாவது பண்ண முடியும். "வெள்ளி தெரியாது" என்று எழுதினாரே, அந்த நேர்மையை நான் அதுவரை எந்த முதலாளியிடமும் பார்த்ததில்லை. தெரியாது, ஆனால் எப்போது தெரியும் என்பது தெரியும்.

உங்களுக்கு மேலே இருப்பவர் போர்டு எழுதாவிட்டால் நீங்களே உங்களுக்கு எழுதிக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. பையருக்கு ஒரு மெயில் போடுங்கள்: இந்தத் தேதிக்குள் பதில் இல்லையென்றால் ஒதுக்கி வைத்திருக்கும் லைனை வேறு ஆர்டருக்குத் திருப்புவோம் என்று. முதலாளியிடம் அனுமதி கேட்டுத்தான். அவர் சம்மதிக்காவிட்டால் உங்களுக்குள்ளேயாவது ஒரு தேதி வையுங்கள்: ஜனவரி கடைசிக்குள் இந்த நிலை மாறாவிட்டால் வெளியே தேடுவேன் என்று. அதுவரை தினம் காலையில் "போகலாமா, இருக்கலாமா" என்று பட்டிமன்றம் நடத்த வேண்டியதில்லை. அந்தப் பட்டிமன்றத்திலேயே பாதித் தெம்பு போய்விடுகிறது.

செய்தியும் அப்படித்தான். வரிச் செய்தியை ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை பாருங்கள். பத்து மணிக்கு ஒரு வதந்தி, பன்னிரண்டு மணிக்கு அதற்கு மறுப்பு என்று நாள் முழுக்கப் பார்ப்பது நான் பேக்கரியில் உட்கார்ந்திருந்ததற்குச் சமம். அங்கே டீயாவது கிடைத்தது.

பகலில் என்ன செய்வது என்பதுதான் கஷ்டம். அந்தச் சின்னக் கம்பெனியில் ஒரு மெஷின் மெக்கானிக் இருந்தார். ஐம்பது தாண்டியவர், பேச்சு கம்மி. லைன் நின்ற முதல் நாள் ஓவர்லாக் தையல் மெஷின் ஒன்றைக் கழற்றினார். லூப்பரை எடுத்துத் துடைத்து, ஃபீட் டாகில் வருஷக்கணக்காக அடைத்திருந்த பஞ்சுத் தூசியைப் பிரஷ்ஷால் தள்ளி, எண்ணெய் மாற்றி, ஊசி மாற்றி, வேஸ்ட் துணியில் நாலு தையல் ஓட்டிப் பார்த்து, மேலே சாக்பீஸில் தேதி எழுதினார். தினம் இரண்டு மெஷின். யாரும் சொல்லவில்லை. "எதுக்குங்ணா இப்ப?" என்று கேட்டேன். "ஓடறப்ப எங்க இதத் தொட விடறீங்க" என்றார். இத்தனை வருஷத்தில் ஊக்கத்தைப் பற்றி நான் கேட்டதில் உருப்படியான பேச்சு அதுதான். அவர் என்னைத் திட்டத்தான் சொன்னார் என்பது வேறு விஷயம்.

மெர்ச்சண்டைசர் மேஜையிலும் ஓடும்போது தொட விடாத வேலைகள் இருக்கும். பழைய ஸ்டைல்களின் காஸ்டிங்கில் நினைத்த கன்சம்ப்ஷனுக்கும் கடைசியில் ஆன கன்சம்ப்ஷனுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று என்றாவது உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? யாருக்கும் நேரம் இருந்ததில்லை. இருபது ஸ்டைலுக்குப் பார்த்து ஒரு ஷீட் போட்டால், அடுத்த முறை விலை பேசும்போது எத்தனை சென்ட் இறங்கலாம் என்பது கையில் இருக்கும். லேப் டிப், அதாவது பையர் பார்க்கப் போட்டு அனுப்பும் சாய மாதிரி, எந்தெந்த ஷேடில் திரும்பத் திரும்ப அடிபட்டது என்று எழுதுங்கள். பிரிட்டனோடு 2025 ஜூலை 24 அன்று வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஒப்பந்தத்தின்படி நம் ஆயத்த ஆடைகளுக்கு அங்கே இறக்குமதி வரி இருக்காது. உங்கள் அனுபவம் முழுக்க அமெரிக்க பையர்கள் என்றால், பிரிட்டிஷ் பையர்களின் சைஸ் ஸ்பெக், பேக்கிங், டெஸ்டிங் முறைகளை இப்போதே படித்து வைக்கலாம். பருத்தியை மட்டும் தெரிந்தவர் என்றால் பாலியஸ்டர் விளையாட்டு உடைத் துணிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். நம் ஊர் பருத்தியிலேயே ஊறிப்போனது. உலகம் உடுத்துவதில் பெரும்பங்கு செயற்கை இழை. இந்தக் கம்பெனி நின்றாலும் விழுந்தாலும் இதெல்லாம் உங்களோடு வரும்.

தினம் எட்டு மணி நேரம் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. காலையில் இரண்டு மணி நேரம் போதும், ஆனால் அதே நேரத்தில், செல்போனை டிராயரில் வைத்துவிட்டு. மனசு வந்தால் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த மெக்கானிக்குக்கு தினமும் மனசு வந்திருக்கும் என்றா நினைக்கிறீர்கள்?

இன்னொன்று, எழுதுவது. இது கொஞ்சம் விசித்திரமாகப் படலாம். அமெரிக்காவில் வேலை இழந்த 63 பேரை வைத்து ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும் செய்த ஆய்வு 1994ல் வெளிவந்தது. ஒரு பகுதியினர் வேலை போனதைப் பற்றி மனசில் இருந்ததையெல்லாம் ஐந்து நாள் எழுதினார்கள். மற்றவர்கள் சாதாரண விஷயங்களை எழுதினார்கள், அல்லது எழுதவே இல்லை. மனசிலிருப்பதைக் கொட்டியவர்களுக்குச் சீக்கிரம் வேலை கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் மற்றவர்களைவிடத் தீவிரமாக வேலை தேடவில்லை. பழைய இடத்தைப் பற்றிய கசப்பு குறைந்திருந்தது, அவ்வளவுதான். இன்டர்வியூவில் எதிரே இருப்பவருக்கு அது தெரிந்துவிடுகிறது போலும். நானே ஆள் எடுத்திருக்கிறேன். பழைய முதலாளியைப் பற்றிக் கேட்டதும் முகம் சுண்டுகிறவரை எடுக்கக் கை வராது. உங்களுக்கும் அந்த முப்பது விழுக்காட்டின் மேல் கோபம் இருக்கும். நோட்டில் கொட்டுங்கள். கெட்ட வார்த்தை வந்தாலும் பரவாயில்லை. யாருக்கும் காட்ட வேண்டாம்.

லைனில் இருப்பவர்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. மெர்ச்சண்டைசர் ஃப்ளோருக்கு இறங்கி வரும்போது அத்தனை டெய்லர்களும் உங்கள் முகத்தைப் படிப்பார்கள், தெரியுமா? ஆர்டர் இருக்கா, இல்லையா என்பதை ஆபீஸ் நோட்டீஸில் அல்ல, உங்கள் நடையில்தான் பார்ப்பார்கள். போலிச் சிரிப்பு வேண்டாம், அது உடனே தெரிந்துவிடும். கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். கிளம்ப மனசு வராதது ஒரு பக்கம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, பிள்ளையைக் கொஞ்சுவதில்கூடச் சந்தோஷமில்லாமல், நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்கிற மாதிரி எண்ணம் எட்டிப் பார்த்தால், நான் மேலே எழுதிய எதுவும் அதற்கு மருந்தில்லை. 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இருபத்துநாலு மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவது மாதிரிதான் இதுவும். நம் ஊரில் இதைத் தள்ளிப்போட்ட இரண்டு பேர் வீட்டுக்கு நான் துக்கம் கேட்கப் போயிருக்கிறேன்.

கடைசியாக உங்கள் மகன். எனக்கு அப்போது மூன்றாவது படிக்கும் மகள். அப்பா ஏன் நேரத்திலேயே வந்துட்டீங்க என்று கேட்டபோது, கம்பெனிக்கு லீவு விட்டுட்டாங்க சாமி என்றேன். அவள் பள்ளியில் போய், எங்க அப்பாவுக்கு ஒரு மாசம் லீவு என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள். அவள் டீச்சரின் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனிக்காரர். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் தலையை மட்டும் ஆட்டினார்கள். அன்று சாயந்திரம்தான் மனைவியிடமும் மகளிடமும் உள்ளதைச் சொன்னேன். சாயம் போட இடமில்லை, அதனால் துணி இல்லை, துணி இல்லாததால் தைக்க வேலை இல்லை. அவளுக்கு உடனே புரிந்தது. அப்போ வெள்ளைச் சட்டையாவே தைக்கக் கூடாதா என்று கேட்டாள். வெள்ளைக்கும் பட்டறையில் பிளீச்சிங் பண்ணணும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

புதுக் கம்பெனியில் சேர்ந்த பிறகு போர்டைப் பற்றிச் சொன்னேன். அதிலிருந்து சனிக்கிழமை சாயந்திரம் நான் வண்டியை நிறுத்துவதற்குள் வாசலுக்கு ஓடிவருவாள். "அடுத்த வாரம் போர்டுல எத்தனைங்ப்பா?" மூணரை என்பேன். விரல் விட்டு எண்ணுவாள். "அப்ப புதங்கெழம நீங்கதான் என்னைய ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகோணும்" என்பாள்.